பென்சில் லெட் சென்சார்: அளவைக் கெடுக்கும் தவறுகள்

பென்சில் லெட், வெள்ளிக் கம்பி, நெயில் பாலிஷ் இருந்தால் மின்வேதி சென்சார் (கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை மின்னோட்டத்தால் அளக்கும் கருவி) செய்துவிடலாம். மின்னழுத்தம் கொடுத்ததும் மின்னோட்டம் பாயும், திரையில் வளைகோடும் வரும். ஆனால் தப்பாகச் செய்த சென்சாரிலும் அதே மாதிரி அழகான வளைகோடு வரும் என்பதுதான் சிக்கல். அந்த மின்னோட்டம் நாம் தேடும் பொருளிலிருந்துதான் வருகிறதா, எவ்வளவு பரப்பிலிருந்து, எந்த அழுத்தத்தில் என்று முதலில் சரிபார்க்க வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் ஒப்பீட்டு மின்முனையில், அதாவது லெட்டின் மின்னழுத்தத்தை எதோடு ஒப்பிட்டு அளக்கிறோமோ அந்த வெள்ளிக் கம்பியில், நடக்கின்றன. வெறும் வெள்ளிக் கம்பியை அப்படியே கரைசலில் விட்டால் அதன் அழுத்தம் ஒரே இடத்தில் நிற்காது. வளைகோட்டின் உச்சங்கள் இன்று ஓர் இடத்திலும் நாளை வேறோர் இடத்திலும் தெரியும். நகை வெள்ளியும் ஆகாது. அதில் பொதுவாக 7.5 சதவீதம் தாமிரம் கலந்திருக்கும், அது கரைந்து தனி உச்சமே காட்டும். 99.9 சதவீதத் தூய கம்பியை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துக் கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் திரவத்தில் 15 முதல் 30 நிமிடம் வையுங்கள். கருஞ்சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் சில்வர் குளோரைடு படியும். பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும்.

படிந்த கம்பியை நேரே மாதிரிக் கரைசலில் விடுவது அடுத்த தவறு. இதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள குளோரைடின் செறிவு. குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், 25 டிகிரி செல்சியஸில், சுமார் 59 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். ஒரு சொட்டுக்குழாயின் நுனியை 3 சதவீத அகர் கலந்த பொட்டாசியம் குளோரைடு கூழால் அடைத்து, உள்ளே 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு (100 மில்லிலிட்டருக்கு 22.4 கிராம்) ஊற்றி, கம்பியை அதில் நிறுத்துங்கள். அது முடியாவிட்டால், எல்லா மாதிரியிலும் ஒரே அளவு பொட்டாசியம் குளோரைடாவது சேருங்கள். வெளிச்சம் சில்வர் குளோரைடைச் சிதைக்கும் என்பதால் இருட்டில் வைப்பது நல்லது.

இதைச் சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஒரே முறையில் இரண்டு மின்முனை செய்து, ஒரே பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வைத்து, இடையிலுள்ள அழுத்தத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நம்பலாம். 10 தாண்டினால் இரண்டையும் தேய்த்துப் புதிதாகப் பூசுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைத் தவிர்ப்பவர்கள் பின்னால் நாட்கணக்கில் அலைவார்கள்.

அடுத்தது பரப்பு. 0.5 மில்லிமீட்டர் லெட்டை 1 சென்டிமீட்டர் மூழ்கவிட்டால், அடிமுனையையும் சேர்த்து 0.159 சதுர சென்டிமீட்டர். நீர் 1 மில்லிமீட்டர் மேலே ஏறினால் பரப்பு 10 சதவீதம் கூடும், மின்னோட்டமும் கூடும், செறிவு கூடியதாக நீங்கள் நினைப்பீர்கள். கண்ணால் பார்த்து மூழ்கவிடாமல், மேற்பகுதிக்கு நெயில் பாலிஷ் இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசி, ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் காயவிட்டு எல்லை கட்டுங்கள். ஆல்கஹால், அசிட்டோன் உள்ள கரைசலில் நெயில் பாலிஷ் கரையும்; ஆல்கஹாலுக்கு எபாக்சி பசை ஏற்றது. கிளிப் நீர்மட்டத்துக்கு 2, 3 சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். கரைசல் ஏறி உலோகத்தைத் தொட்டால், நீங்கள் அளப்பது கிளிப்பின் அரிமானத்தை.

ஒரு தொடர் சோதனை முழுவதற்கும் ஒரே பெட்டி லெட்டையே பயன்படுத்துங்கள். களிமண், பாலிமர், மெழுகு கலவை ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு. காகிதத்தில் பென்சிலால் வரைந்த மின்முனைக்கு மின்தடையையும் அளக்க வேண்டும்: 5 கிலோஓம் கோட்டில் 10 மைக்ரோஆம்பியர் பாய்ந்தாலே 50 மில்லிவோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும்.

மின்னோட்டச் சுற்றை முடிக்கும் துணை மின்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகை வைப்பார்கள். குளோரைடில் அது அரிக்கும். துத்தநாக-கார்பன் உலர் மின்கலத்தின் கார்பன் தண்டைச் சில முறை நீர் மாற்றிக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தலாம். ஆல்கலைன் மின்கலத்தைப் பிரிக்காதீர்கள், உள்ளே அரிக்கும் காரம் இருக்கிறது.

மின்முனை தயாரானதும் நேரே மாதிரிக்குப் போகாதீர்கள். 100 மில்லிலிட்டரில் 0.033 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் 0.75 கிராம் பொட்டாசியம் குளோரைடும் கரைத்தால் 1 மில்லிமோலார் சோதனைக் கரைசல் கிடைக்கும். (இதில் அமிலம் படவே கூடாது, ஹைட்ரஜன் சயனைடு வெளிவரலாம்.) மின்னழுத்தத்தை +0.6 வோல்ட்டிலிருந்து −0.2 வரை கொண்டுபோய்த் திருப்பி, வினாடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் ஓட்டினால், மேலே சொன்ன பரப்புக்குக் கணக்குப்படி உச்சம் 26 மைக்ரோஆம்பியர் அளவில் வரவேண்டும். இரண்டு உச்சங்களுக்கும் இடைவெளி கோட்பாட்டில் 59 மில்லிவோல்ட். பென்சில் லெட்டுக்கு 70 முதல் 120 வரை பரவாயில்லை. 200 என்றால் மேற்பரப்பு அழுக்கு, அல்லது இணைப்பில் மின்தடை. வேகத்தை நான்கு மடங்காக்கினால் உச்சம் இரண்டு மடங்காக வேண்டும். அதுவும் நான்கு மடங்கானால் பொருள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிறது.

மேற்பரப்பைச் சுத்தம் செய்ய, பிஎச் 4.8 அசிட்டேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசலில்) +1.4 வோல்ட்டை 60 வினாடி கொடுப்பது வழக்கம். நேரத்தைக் கூட்டினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று எண்ணுவது தவறு: கார்பன் அரிபட்டுப் பின்னணி மின்னோட்டம் ஏறும், சிறிய உச்சம் அதில் மூழ்கிவிடும்.

மின்னணுப் பக்கத்தில் ஒரு சிறு கணக்கு போதும். 5 வோல்ட்டில் இயங்கும் 10 பிட் அர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையின் ஒரு அளவீட்டுப் படி 4.9 மில்லிவோல்ட். 10 கிலோஓம் மின்தடை வழியாக அளந்தால் அது 0.49 மைக்ரோஆம்பியர். 1 மைக்ரோஆம்பியர் மாற்றம் இரண்டே படிகள்! 16 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சில்லு) சேருங்கள். அளவீடுகளை 100 மில்லிவினாடிக்குச் சராசரி எடுத்தால், மின்கம்பி இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் ஆனாலும் 60 ஆனாலும் அடங்கும்.

மின்னழுத்தத்தை மைனஸ் பக்கம் கொண்டுபோனால் கரைந்த ஆக்சிஜனும் வினைபுரியும். 25 டிகிரியில் காற்றோடு கலந்த நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் இருக்கும். நைட்ரஜனைப் பத்து நிமிடம் குமிழவிடுங்கள். வினிகரும் சமையல் சோடாவும் தரும் கார்பன் டைஆக்சைடு ஆக்சிஜனை விரட்டும், ஆனால் பிஎச் அளவையும் மாற்றிவிடும்.

கடைசித் தவறு, தூய பஃபரில் வரைந்த அளவீட்டுக் கோட்டை (செறிவுக்கு எவ்வளவு மின்னோட்டம் என்று காட்டும் கோட்டை) பழச்சாறுக்கும் ஆற்று நீருக்கும் அப்படியே பொருத்துவது. மாதிரியில் உள்ள மற்ற பொருட்கள் கோட்டின் சாய்வையே மாற்றும். 10 மில்லிலிட்டர் மாதிரியில், எதிர்பார்க்கும் செறிவைப் போல் 100 மடங்கு அடர்ந்த, செறிவு தெரிந்த திட்டக் கரைசலை 0.1 மில்லிலிட்டர் வீதம் மூன்று முறை சேர்த்து, ஒவ்வொரு முறையும் அளந்து, மாதிரியிலேயே கோட்டை வரையுங்கள். குறுக்கீடுகளையும் தனித்தனியே சோதியுங்கள். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் குளுக்கோஸை அளக்கும் தாமிரக் கம்பி ஃபிரக்டோஸையும் அளக்கும். அந்த எண்ணைக் குளுக்கோஸ் என்று எழுதக் கூடாது.

குறைந்தபட்சம் கண்டறியும் அளவைச் சொல்வதானால், பொருள் இல்லாத கரைசலைப் பத்து முறை அளந்து, திட்ட விலக்கத்தை 3 ஆல் பெருக்கிச் சாய்வால் வகுங்கள். அந்தப் பத்தையும் ஒரே லெட்டில் அளக்காமல் பத்துப் புதிய லெட்டுகளில் அளந்தால், அடுத்தவர் செய்யும் சென்சாருக்கும் அந்த எண் பொருந்தும்.