விண்டோஸைப் புதிதாகப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் கல்லூரி திறந்துவிட்டால் போதும், புது லேப்டாப்போடு பிள்ளைகள் வரத் தொடங்கிவிடுவார்கள். கூடவே வந்த வேண்டாத மென்பொருளையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட வேண்டும் என்பார்கள். நல்ல யோசனைதான். சார்ஜரை மாட்டு என்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

டி டிரைவில் இருக்கிறது என்ற தைரியம்

எனக்கு இன்றும் ஆத்திரம் வரவைப்பது இதுதான். தென்காசியிலிருந்து வந்த மாணவர் ஒருவர், புராஜெக்ட், அக்கா கல்யாணப் படங்கள் எல்லாவற்றையும் டி டிரைவுக்கு மாற்றிவிட்டு சி-யை மட்டும் ஃபார்மேட் செய்திருந்தார். புது விண்டோஸ் வந்தது. டி-யைத் திறந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டது. "டி-யைத் தொடவே இல்ல அண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

உண்மைதான், தொடவில்லை. ஆனால் இப்போதைய லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே இயங்கி சி, டி இரண்டையும் பூட்டிவிடும். பழைய விண்டோஸ் இருந்தவரை சத்தமில்லாமல் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அதை அழித்ததும், மிச்சமிருக்கும் ஒரே சாவி அந்தக் கணக்கில்தான். அந்தக் கணக்கோ, வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்தில் உருவாக்கியது. மின்னஞ்சலும் தெரியாது, பாஸ்வேர்டும் தெரியாது. கடையில் கேட்டால், "யார் போட்டதுன்னு தெரியலையே தம்பி." படங்கள் போனது போனதுதான்.

அழிக்கும் முன் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் போய்ப் பாருங்கள். டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். பூட்டு முழுதாக அவிழ நேரமாகும், பொறுங்கள். அப்புறம் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். சி-யும் டி-யும் பெரும்பாலும் ஒரே வட்டின் இரண்டு பகுதிகள்; ஒன்றிலிருந்து மற்றதுக்கு நகர்த்துவது பேக்கப் ஆகாது. புதிதாக வாங்குகிறவர்கள் கணக்கைத் தங்கள் கையாலேயே உருவாக்குங்கள்.

கூட வந்த ஆஃபீஸ்

அதுவும் ஒரு கணக்கோடு கட்டப்பட்டதுதான். வேர்டில் 'அக்கவுண்ட்' பகுதியைத் திறந்து, எந்த மின்னஞ்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வட்டே தெரியவில்லை என்று பதறுவது

இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸர் முதல் பல லேப்டாப்களில் விண்டோஸ் இன்ஸ்டாலர் எஸ்எஸ்டி வட்டைக் காட்டாது. வட்டு கெட்டுவிட்டதென்று புதிது வாங்க ஓடாதீர்கள். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து வட்டை இன்ஸ்டாலருக்கு அடையாளம் காட்டும் மென்பொருளான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுங்கள். வைஃபை டிரைவரும் கூடவே இருக்கட்டும். விண்டோஸ் 11 நிறுவும்போதே இணையம் கேட்கும்.

புராடக்ட் கீ தேடி அலைவது

வேண்டாம். விண்டோஸோடு விற்ற லேப்டாப்பில் அந்த உரிம எண் மதர்போர்டிலேயே இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்ததில் ஹோமே போடுங்கள்.

யாரோ கொடுத்த ஐஎஸ்ஓ

தொடாதீர்கள். விண்டோஸ் நிறுவும் அந்தக் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, 8 ஜிபி பென் டிரைவ் போதும்.