‘பரவால்லம்மா’ என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி எங்கள் புற்றுநோய் வார்டுக்கு வந்திருந்தார். “வலி இருக்கா பாட்டி?” என்று புது நர்ஸ் கேட்க, “பரவால்லம்மா” என்றார். சார்ட்டில் வலி பத்துக்கு 2 என்று ஏறிவிட்டது. ஆனால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையை அவர் எடுக்கவே இல்லை. நான் போய், “தாங்கவே முடியாத வலி பத்து ரூபாய்னா, இப்ப எத்தனை ரூபாய்?” என்றேன். யோசித்துவிட்டு, “எட்டு இருக்கும்” என்றார்.

புற்றுநோய் வலியில் நாம் செய்யும் முதல் தவறு, ஆமாம் இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி கேட்பது. எங்கே வலி, குத்துதா எரியுதா, ராத்திரி தூங்கினாரா என்று கேளுங்கள். எரிச்சல், ஷாக் அடிப்பது போல என்றால் நரம்பு வலியாக இருக்கலாம். அதற்கு டாக்டர் வேறு மருந்தும் சேர்க்க வேண்டியிருக்கும். சிகிச்சைக்காக வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பாஷை புரியவில்லை என்று நாமே ஒரு எண்ணைப் போடக் கூடாது, சிரிப்பிலிருந்து அழுகை வரை வரைந்த முகப் படங்களைக் காட்டி, எது தன் வலி என்று தொடச் சொல்லலாம்.

அடுத்தது, “வலிச்சா கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு நகர்வது. வலி மருந்தை நேரம் தவறாமல் கொடு என்று உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொல்லிவிட்டது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினில், சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம்தான் தாங்கும். இடையில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி டோஸ் எழுதியிருக்கிறதா என்று ரவுண்ட்ஸிலேயே கேட்டு வையுங்கள். கொடுத்த ஒரு மணி நேரத்தில் திரும்பப் போய் வலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். நம்மில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மெல்ல மெல்ல மருந்தை விடும் 12 மணி நேர மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது, மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். வாழைப்பழத்தை நம்பி இருக்க முடியாது. அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் டோஸைத் தள்ளிப்போடாதீர்கள். பார்க்க வேண்டியது அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கத்தையும் மூச்சின் வேகத்தையும். எழுப்பியும் கண் திறக்கவில்லை என்றால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஃபென்டனில் பட்டை, அதாவது தோலில் ஒட்டும் வலி மருந்து. சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும். நம் ஊர் கத்திரி வெயிலில் உட்காருவதும், வீட்டார் அன்போடு வைக்கும் வெந்நீர்ப் பையும் ஆபத்து. பெரும்பாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். புதியது ஒட்டும் முன் ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பாருங்கள். பழைய பட்டை ரவிக்கைக்கு அடியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.