பின்யுவேலா அத்தோல்: வேலிப் பழத்தில் ஒரு கஞ்சி

முதலில் ஒன்று: பின்யுவேலாப் பழத்தைப் பச்சையாகக் கடிக்காதீர்கள். நான் கடித்தேன். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் நான் குடியிருந்த வீட்டின் பின்வேலி முழுக்க இந்தச் செடிதான். எலுமிச்சையைவிடச் சின்னதாய், மஞ்சள் மஞ்சளாகக் குலையில் பழுத்திருந்தது. புளிப்பும் இனிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. நாலாவது பழத்தில் நாக்கு எரிய ஆரம்பித்தது. மறுநாள் சோற்றில் உப்புப் பட்டாலே கண்ணில் தண்ணீர். வீட்டுக்காரப் பாட்டி என் வாயைப் பார்த்துவிட்டு, "இதை நெருப்புக்குக் காட்டாமல் யாராவது தின்பார்களா, மகளே?" என்று கேட்டார்.

பின்யுவேலா அன்னாசியின் குடும்பம். அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு அரிக்குமே, அதே சங்கதிதான். புரதத்தைச் சிதைக்கும் நொதி இதிலும் இருக்கிறது, இன்னும் கடுமையாக. சூடு பட்டால் அதன் வேகம் அடங்கிவிடும். அதனால்தான் அங்கே தணலில் சுட்டோ கொதிக்கவைத்தோ சாப்பிடுகிறார்கள்.

பறிப்பதுதான் பெரிய வேலை. செடி நம் ஆனைக்கற்றாழையை நினைவுபடுத்தும்; இலை ஒல்லி, நீளம் இரண்டு மீட்டர் வரை போகும், விளிம்பெல்லாம் கொக்கி முள். மாடு நுழையாது என்றுதான் வேலிக்கு வைக்கிறார்கள். கையை உள்ளே விடுவது சுலபம், வெளியே எடுக்கும்போதுதான் முள் பிடித்து இழுக்கும். ஒரு பக்கத்து இலைகளை அரிவாளால் கழித்து வழி செய்துகொண்டு, குலையைக் காம்போடு வெட்டி, கொக்கிக் கம்பால் இழுத்துவிடுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இலையை அடித்து நார் எடுத்துக் கயிறு திரிப்பதும் உண்டு. இளம் பூங்கொத்தை மொத்தாத்தே என்பார்கள். வேகவைத்து முட்டையில் தோய்த்துப் பொரித்தால் அவ்வளவு ருசி. ஆனால் என் மனசு அத்தோல் என்கிற கஞ்சியில்தான்.

இருபத்தைந்து பழம் எடுத்து, இரு முனையையும் நறுக்கித் தோலைச் சீவுங்கள். பாட்டி உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்வார், நான் கையுறை போடுகிறேன். இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு துண்டுப் பட்டையோடு போட்டு, பழம் குழையும்வரை அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். இதில் அவசரம் வேண்டாம், அரைவேக்காட்டில் எரிச்சல் போகாது. அப்புறம் மசித்து வடிகட்டுங்கள். கறுப்பு விதையும் சக்கையும் நின்றுவிடும். சாற்றைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, கால் கிலோ பனேலா சேருங்கள். அது அவர்கள் ஊர்க் கரும்பு வெல்லம், நம் அச்சுவெல்லம் அப்படியே பொருந்தும். நூறு கிராம் மக்காச்சோள மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, கை விடாமல் கிண்டுங்கள். கூழ் பதம் வந்து மாவு வாசனை போனதும் இறக்கிவிடலாம்.

பாட்டி அதை மொர்ரோ காய் ஓட்டில் செய்த கிண்ணத்தில் ஊற்றித் தருவார். மேலே ஆடை படிவதற்குள் குடித்துவிட வேண்டும். ஆறினால் கெட்டிப்பட்டு, கரண்டியால்தான் சாப்பிட முடியும்.