பிரசவ அறையில் நறுமண எண்ணெய்: துணை நிற்பவருக்கான வழிகாட்டி

பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்கு நறுமண எண்ணெய் எந்த அளவுக்கு உதவும் என்பதைத் தெளிவாக அறிந்துகொண்ட பிறகே புட்டியைத் திறக்க வேண்டும். மணம் வலியை நிறுத்திவிடாது. பிரசவத்தை விரைவுபடுத்தும் என்று உறுதி கூறவும் இயலாது. அச்சத்தையும் பதற்றத்தையும் ஓரளவு தணிப்பது, குமட்டலைக் குறைப்பது, அறிமுகமில்லாத அறையில் பழகிய ஒன்றின் ஆறுதலைத் தருவது ஆகியவைதான் அதனிடமிருந்து நியாயமாக எதிர்பார்க்கக்கூடியவை. வாசனையை உணரும் நரம்பு, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது என்பதால், ஒரு மணம் சிந்தனைக்கு முன்பாகவே மனநிலையைத் தொட்டுவிடுகிறது. அச்சம் மிகும்போது உடலில் பெருகும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசினின் வேலைக்கு இடையூறாகக்கூடும். ஆகவே, பெண்ணை அமைதியாக வைத்திருக்கும் எதுவும் பிரசவத்துக்கு மறைமுகமான துணைதான்.

ஆய்வுகள் சொல்வதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1990 முதல் 1998 வரை 8,058 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் நறுமண எண்ணெய் தங்களுக்கு உதவியதாகக் கூறினர். சிறு தொந்தரவுகள் ஏற்பட்டவர்கள் சுமார் 1 சதவீதத்தினர். அதே சமயம், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட மீளாய்வு 535 பெண்கள் பங்கேற்ற இரண்டு சோதனைகளை ஆராய்ந்து, வலியின் அளவிலோ சிசேரியன் எண்ணிக்கையிலோ வேறுபாடு தென்படவில்லை என்றது. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டல், பிரசவத்தின் தொடக்கக் கட்டத்தில் வலி நிவாரணமாக இதை மருத்துவப் பணியாளர்கள் தாமாக முன்வந்து பரிந்துரைக்கக் கூடாது என்றும், பெண் தானே விரும்பினால் அவள் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்றும் கூறியது. இந்த நிலைப்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது. வலி நிவாரணம் கேட்கும் பெண்ணிடம் மருந்துக்குப் பதிலாக லாவெண்டரை நீட்டுவது கொடுமை. அவள் விரும்பிக் கேட்ட மணத்தை அற்பமென்று ஒதுக்குவதும் தவறு.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

பிரசவம் நடக்கவிருக்கும் இடத்தில் இதற்கு அனுமதி உண்டா என்பதைப் பல வாரங்களுக்கு முன்பே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். எந்தெந்த எண்ணெய், எந்த முறையில் என்பதை மருத்துவரிடமோ பேறுகாலச் செவிலியரிடமோ சொல்லி, மருத்துவக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வது நல்லது. வலி வந்த பிறகு இதைப் பற்றி விவாதிக்க நேரமும் இருக்காது, மனமும் இருக்காது.

சில நிலைகளில் நறுமண எண்ணெயைத் தவிர்ப்பதே முறை. மருத்துவர் தெளிவாக ஒப்புதல் தந்தால் மட்டுமே அதை எண்ணிப் பார்க்கலாம். 37 வாரங்கள் நிறைவடையாத கர்ப்பம், இரத்தக்கசிவு, நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்திருத்தல், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தைகள், வலிப்பு நோய், வாசனையால் தூண்டப்படும் ஆஸ்துமா, முன்பு ஏற்பட்ட கடுமையான ஒவ்வாமை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. முன்பு சிசேரியன் ஆன பெண்ணுக்கு, கருப்பைச் சுருக்கத்தைத் தூண்டும் என்று கருதப்படும் எண்ணெய்களை விலக்கிவிட வேண்டும்.

எண்ணெய் வாங்கும்போது ஒரு பெயர்க் குழப்பத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. நறுமண எண்ணெயின் ஆங்கிலப் பெயரான எசென்ஷியல் ஆயில் என்பதை ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்று மொழிபெயர்த்து எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர் உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒன்று என்று எண்ணிவிடலாம். அந்தப் பெயர் தாவரத்தின் மணச் சாரத்தைக் குறிக்கிறதே தவிர, அதன் அவசியத்தை அல்ல. பெருமளவு பூவோ இலையோ தோலோ சுருங்கிச் சில மில்லிலிட்டர் ஆனதுதான் அந்தப் புட்டியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், ஒரு துளியும் அலட்சியமாகக் கையாளப்படாது. செயற்கை வாசனைத் திரவியங்களும் இதே போன்ற புட்டிகளில் விற்கப்படுவதால், தாவரவியல் பெயர் அச்சிடப்பட்ட, அடர்நிறக் கண்ணாடிப் புட்டியில் அடைத்த எண்ணெயையே வாங்க வேண்டும். திறந்து நெடுநாள் ஆன எண்ணெய் காற்றுப்பட்டு மாறி, தோலில் அரிப்பை உண்டாக்கும். ஆரஞ்சு வகை எண்ணெய்கள் இன்னும் விரைவில் கெடும்.

எந்த எண்ணெய்கள்

என் கருத்தில் இரண்டு அல்லது மூன்று எண்ணெய்கள் போதும். லாவெண்டர் பெரும்பாலோருக்கு இதமானது. லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற வகையைத் தேட வேண்டும். ரோஜா எண்ணெயும் குந்திரிக்க எண்ணெயும் அச்சம் மேலிடும் வேளைகளுக்காகப் பிரசவ அறைகளில் பயன்படுத்தப்பட்டு வந்தவை. மாண்டரின் ஆரஞ்சின் மணம் இலேசானது; கனமான பூ வாசனை பிடிக்காதவர்களுக்கு அது பொருந்தும். குமட்டலுக்குப் பெப்பர்மின்ட்டை முகர்ந்தால் மட்டும் போதும். அதைத் தோலில் தடவத் தேவையில்லை.

கிளாரி சேஜ் என்ற மூலிகையின் எண்ணெய் பற்றிச் சற்று விரிவாகவே எச்சரிக்க வேண்டும். அது கருப்பைச் சுருக்கத்தை வலுப்படுத்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருப்பதால், நாள் தள்ளிப்போகும்போது வலியை வரவழைக்க வீட்டிலேயே அதைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அப்படி வலியை வரவழைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஒருவேளை அது செயல்பட்டால், கண்காணிப்பு இல்லாத இடத்தில் அதுவே ஆபத்து. ஆகவே, பிரசவத்துக்கு முன் அதைத் தொடாமல், பிரசவம் தொடங்கிய பின்பும் செவிலியர் அறிந்திருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஆக்ஸிடோசின் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கும்போதும், சுருக்கங்கள் ஏற்கெனவே வலுவாகவும் அடுத்தடுத்தும் வரும்போதும் அதை அறவே தவிர்க்க வேண்டும். கிளாரி சேஜ் (சால்வியா ஸ்கிளாரியா) வேறு. வெறும் சேஜ் (சால்வியா அஃபிசினாலிஸ்) வேறு. பின்னது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கக்கூடிய தூஜோன் என்ற வேதிப்பொருளைக் கொண்டது என்பதால் பிரசவ அறைக்குள் வரவே கூடாது. பென்னிராயல், துஜா, அருவதா, மாசிபத்திரி, கற்பூரம் ஆகியவற்றின் எண்ணெய்களுக்கும் இதே விலக்கு பொருந்தும்.

எண்ணெய்களைத் தேர்ந்தெடுத்த பின், பிரசவ நாளுக்குச் சில வாரங்கள் முன்பாக ஒரு நாளைக்கு ஒரு மணம் வீதம் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடித்ததைப் பெண்தான் சொல்ல வேண்டும். துணையாக நிற்பவரின் விருப்பத்துக்கு இதில் இடமில்லை. 37 வாரங்கள் முடிந்த பின், தேர்ந்தெடுத்த மணத்தை ஓய்வாகச் சாய்ந்து மெதுவாக மூச்சுவிடும் பயிற்சியோடு சேர்த்துப் பழகினால், பிரசவ அறையில் அதே மணம் அந்த ஓய்வை நினைவூட்டும். தோலில் தடவும் எண்ணம் இருந்தால், நீர்த்த கலவையை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி 24 மணி நேரம் பார்த்து, சிவப்போ அரிப்போ இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பயன்படுத்தும் முறைகள்

எல்லா முறைகளிலும் நான் முதலிடம் தருவது ஒரு சிறு பருத்தித் துணிக்குத்தான். அதில் ஒரு துளி, அதிகம் போனால் இரண்டு துளி விட்டு, தலையணையின் ஓரத்தில் வைக்கலாம். அவளே கையில் பிடித்துத் தேவைப்படும்போது முகரலாம். துளி தோலில் படாதபடி துணியை மடித்துக் கொடுக்க வேண்டும். இதன் பெரிய நன்மை, பிடிக்காமல் போன நொடியிலேயே அகற்றிவிடலாம் என்பது. காலையில் இனித்த வாசனை மாலையில் குமட்டுவது பிரசவத்தில் மிகச் சாதாரணம். ஒவ்வொரு மணத்துக்கும் தனித் துணியும், பயன்படுத்திய துணியை இட்டு மூட ஒரு பையும் இருந்தால் போதும்.

அடுத்தது இடுப்பிலும் தோளிலும் காலிலும் நீவிவிடுவது. ஆரோக்கியமான பெண் விரும்பினால், வலியைச் சமாளிக்க நீவுதலையும் வெந்நீர் ஒத்தடத்தையும் உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஏற்கிறது. இங்கே கைகளே முதன்மை, எண்ணெய் இரண்டாவது. ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறத்தாழ 20 துளிகள் என்ற கணக்கில், 10 மில்லிலிட்டர் பாதாம் எண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ 2 துளி கலந்தால் 1 சதவீதக் கலவை கிடைக்கும். அதுவே போதுமானது, 4 துளிகளை, அதாவது 2 சதவீதத்தை, ஒருபோதும் மீற வேண்டாம். கொட்டை ஒவ்வாமை உள்ளவருக்குப் பாதாம் எண்ணெய் ஆகாது. கீழ்முதுகின் நடு எலும்புக்கு இருபுறமும் உள்ளங்கையால், வலி ஏறும்போது உறுதியாக அழுத்தி, இறங்கும்போது மெதுவாகத் தளர்த்த வேண்டும். எபிடியூரல் என்னும், முதுகில் செலுத்தும் வலி நிவாரண ஊசி போட இருப்பவருக்கோ போட்டவருக்கோ முதுகில் எண்ணெய் தடவக் கூடாது. ஊசி செலுத்தும் இடம் சுத்தமாக இருக்க வேண்டும், ஒட்டுப்பட்டையும் பிடித்து நிற்க வேண்டும். அவருக்குக் கைகளையும் தோள்களையும் நீவிவிடலாம். குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் பட்டை கட்டும் வயிற்றுப் பகுதியையும் விட்டுவிட வேண்டும்.

எண்ணெய் நீரில் கரையாது என்பதை மறந்து, பாத்திரத்து வெந்நீரில் நேரடியாகத் துளிகளை விடுகிறவர்கள் பலர். அவை மேலே மிதந்து, நீர்க்காத நிலையில் தோலில் ஒட்டி எரிச்சல் தரும். கால்களை நனைக்க வேண்டுமானால், 2 துளியை முதலில் ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் கலந்து பிறகே நீரில் சேர்க்க வேண்டும். முடிந்ததும் பாதங்களை நன்றாகத் துடைக்காவிட்டால் வழுக்கிவிடும். நீர்த்தொட்டியில் பிரசவம் நடக்கவிருந்தால், அந்த நீரில் எந்த எண்ணெயும் சேர்க்கக் கூடாது. குழந்தையின் கண்ணும் வாயும் அந்த நீரைத்தான் முதலில் சந்திக்கும்.

மின்சார டிஃப்யூசர் அறை முழுவதையும் மணத்தால் நிரப்பிவிடுவதால், விரும்பாதவரும் சுவாசிக்க நேர்கிறது; பணியில் இருக்கும் செவிலியர் ஒருவர் கர்ப்பிணியாகவோ ஆஸ்துமா உள்ளவராகவோ இருக்கலாம். தனி அறையில், அனைவரும் ஒப்பினால், 15 நிமிடம் இயக்கி நிறுத்தி, காற்றோட்டம் விட வேண்டும். மெழுகுவர்த்தியால் சூடாக்கும் கிண்ணத்தை ஆக்ஸிஜன் பயன்படும் அறைக்குள் கொண்டுவரவே கூடாது.

வலி முன்னேறும்போது

தொடக்கக் கட்டத்தில், வலி விட்டுவிட்டு வரும்போது, பெண் நடக்கவும் பேசவும் உறங்கவும் இயலும்; லாவெண்டர் துணியும் மெதுவான நீவுதலும் அவளை ஓய்வில் வைத்திருக்க உதவும். கருப்பை வாய் 5 சென்டிமீட்டருக்கு மேல் திறந்து வலி தீவிரமடையும்போது அவளுடைய கவனம் உள்நோக்கித் திரும்பும். அப்போது “இது வேண்டுமா, அது வேண்டுமா” என்று கேட்டுக்கொண்டிருப்பது அவளைக் கலைக்கும். இரண்டு வலிகளுக்கு இடையில் துணியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள், எடுத்தால் எடுக்கட்டும். முகத்தைத் திருப்பினாலோ மூக்கைச் சுளித்தாலோ அதுவே பதில். உடனே அகற்றிவிட வேண்டும். தள்ளும் நிலைக்குச் சற்று முன் நடுக்கமும் வாந்தியும் வருவதுண்டு. பெரும்பாலான பெண்களுக்கு அந்த நேரத்தில் எந்த வாசனையும் வேண்டியிருக்காது. நெற்றியில் குளிர்ந்த ஈரத்துணியும் பழகிய குரலும் போதும்.

தலைவலி, படபடப்பு, மூச்சுத்திணறல், தோலில் தடிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் எண்ணெயை நிறுத்தி, சன்னலைத் திறந்து, செவிலியரிடம் சொல்ல வேண்டும். தோலில் பட்ட எண்ணெயைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவலாம். கண்ணில் பட்டால் தொடர்ந்து சுத்தமான நீரால் அலச வேண்டும். எந்த நறுமண எண்ணெயையும் வாயில் விடக் கூடாது. பிறப்புறுப்புப் பகுதியிலும் தடவக் கூடாது. இரத்தப்போக்கு, பனிக்குட நீரில் நிறமாற்றம், குழந்தையின் இதயத்துடிப்பில் மாற்றம் என்று மருத்துவர்கள் பரபரப்படையும் வேளையில் எண்ணெய்களை எடுத்து வைத்துவிட்டு, அவர்கள் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

தலை தெரியத் தொடங்கியதும் துணிகளைப் பையில் இட்டு மூடி, டிஃப்யூசர் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தி, உங்கள் கைகளைச் சோப்பிட்டுக் கழுவிவிட வேண்டும். பெப்பர்மின்ட், யூகலிப்டஸ் போன்றவை பச்சிளங்குழந்தையின் முகத்தருகே இருந்தால் சுவாசத்தையே பாதிக்கக்கூடும். மற்ற எண்ணெய்கள் அந்த அளவுக்குத் தீங்கானவை அல்ல என்றாலும், பிறந்த குழந்தை மார்பைத் தேடிச் செல்வதில் தாயின் உடல் மணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே அவளுடைய மார்பிலோ கழுத்திலோ முன்பு எண்ணெய் பட்டிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, குழந்தையை அவள் தோலோடு சேர்த்துக் கிடத்தச் செய்யுங்கள்.