குளிர்காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பள்ளி: அவசரமில்லாமல் தொடங்கும் முறை

கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள், இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். முதல் குளிர்காலத்தில் காலை எட்டரையிலிருந்து மூன்று மணி வரைக்கும் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன், கணக்கு அரை மணி, தமிழ் அரை மணி, விஞ்ஞானம் அரை மணி என்று. ஜனவரி இரண்டாம் கிழமைக்குள் மூத்தவள் கொப்பியைக் கண்டாலே அழத் தொடங்கிவிட்டாள். அட்டவணையைக் கழற்றிய பிறகு நாங்கள் செய்து பார்த்து நிலைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் இவ்வளவு போதும், உண்மையாகவே போதும்.

தொடங்குமுன் ஒரு கடிதம்

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் கட்டாயக் கல்வி ஆறு வயதில்தான் தொடங்குகிறது, பாலர் வகுப்பு கட்டாயமில்லை. ஆறு வயதான பிள்ளை என்றால் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 1க்கு முன் உங்கள் பகுதிக் கல்விச் சபைக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும்: பிள்ளையின் பெயர், பால், பிறந்த திகதி, வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம், வீட்டில் படிப்பிக்கப் போகிறோம் என்ற ஒரு வரி, உங்கள் கையொப்பம். 2002இல் மாகாணக் கல்வி அமைச்சு வெளியிட்ட 131ஆம் இலக்கக் குறிப்பாணை கேட்பது இதைத்தான். மாகாணப் பாடத்திட்டத்தை அப்படியே நடத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், பயத்தினால்தான் பலர் பள்ளிக்கூடத்தை விட இறுக்கமாக வீட்டில் நடத்துகிறார்கள். நானும் அந்தப் பயத்தில்தான் அட்டவணை எழுதினேன்.

படி 1: நாளுக்கு மூன்று காரியம்

வெளியே ஒரு தரம், குசினியில் ஒரு வேலை, மடியில் ஒரு புத்தகம். நேரம் குறிக்காதீர்கள், எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கை மட்டும் மாற்றாதீர்கள். ஏழு வயதுக்காரிக்கு இதோடு எழுத்தும் கணக்கும் சேர்த்து இருபது நிமிடம் மேசையில். நாலு வயதுக்கு மேசையே வேண்டாம்.

படி 2: மத்தியானத்துக்கு முன் வெளிக்கிடுங்கள்

டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம் கூட இல்லை, பின்னேரம் நாலே முக்காலுக்கு முன் சூரியன் மறைந்துவிடும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று விட்டீர்களோ, அன்றைக்குப் போகவே மாட்டீர்கள்.

உடுப்புப் போடுவதற்கு ஒரு வரிசை உண்டு, அது பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். முதலில் கழிப்பறை. பிறகு கம்பளிச் சொக்ஸ், ஸ்நோ பாண்ட்ஸ், பூட்ஸ், ஜக்கெட், தொப்பி, எல்லாம் முடிந்து கடைசியில்தான் கையுறை. கையுறையை முதல் போட்டால் பிள்ளையால் சிப் பூட்ட ஏலாது. விரல் விரலாகப் பிரிந்த உறையை விட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கும் மிற்றன்தான் சின்னக் கைகளுக்குச் சூடு. ஸ்நோ பாண்ட்ஸின் வெளி மடிப்பு பூட்ஸுக்கு மேலே விழ வேண்டும், இல்லாவிட்டால் பனி உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் அழுகை. எங்கள் சின்னவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு சிப்பின் அடிமுனையைப் பொருத்துவான், நாலு ஐந்து தரம் நழுவும், பிறகு மாட்டும். அந்த நேரம் கை கொடுக்காமல் பொறுத்து நிற்பதுதான் எனக்குப் பெரும்பாடு. ஆனால் அன்றைய பாடத்தில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

வெளியே இருபது நிமிடம் போதும். பனி விழுந்துகொண்டிருந்தால் கருநிற மிற்றனில் ஏந்தச் சொல்லுங்கள், மலிவான ஒரு பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு பனிப் பளிங்கின் ஆறு கைகளையும் எண்ணலாம். வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885இலேயே நுணுக்குக்காட்டியோடு கமராவைப் பொருத்தி இப்படிப் பளிங்குகளைப் படமெடுத்தார், ஆயுளில் 5000க்கு மேல். மூத்தவளுக்கு அவர் ஒரு பெரிய வீரர். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குக் கீழே போகும் நாளில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம், அன்று வெளியே வேண்டாம்.

படி 3: லெகோ கோபுரத்தின் நிழல்

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன். தெற்குப் பக்கம் பார்த்த யன்னலோரம் மேசையில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். சாதாரண லெகோக் கட்டை பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உயரம் 9.6 செ.மீ. வரும், அதைத் தாளின் யன்னல் பக்க ஓரத்தில் நிறுத்தி அடியைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வைக்க வேண்டும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, 12:15க்கும் 12:35க்கும் இடையில். அப்போது நிழலின் நுனியில் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. மூடமான நாள்தான் கூடுதலாக இருக்கும், பரவாயில்லை, கிழமைக்கு ஒரு கோடு கிடைத்தாலே பெரிய விஷயம்.

டிசம்பர் 21 அளவில் நிழல் 23 செ.மீ.க்குக் கிட்ட வரும். தைப்பொங்கலன்று 21க்குச் சற்றுக் குறைவு. பெப்ரவரி நடுவில் 15ஐத் தொடாது. பொங்கலன்று மூத்தவள் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, சூரியன் திரும்பிவிட்டுது" என்று கத்தினாள். சூரியனுக்கு ஏன் பொங்குகிறோம் என்று நான் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விளக்கம் எதுவும் அவளுக்கு அவ்வளவு ஏறவில்லை. மார்ச்சில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளுவார்கள், அதன் பிறகு ஒன்றேகால், ஒன்றரைக்குப் பாருங்கள்.

படி 4: ஒரு போத்தல் பனி

உள்ளே வரும்போதே வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலில் புதுப் பனியை அழுத்தாமல் நிரப்பிக்கொண்டு வாருங்கள். உருகினால் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று ஒவ்வொருவரும் ஒரு இறப்பர் பட்டியை மாட்டி ஊகம் சொல்ல வேண்டும். உலர்ந்த புதுப் பனி என்றால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தேறும், ஈரப் பனியில் கூட வரும், மிச்சம் முழுக்கக் காற்று. சின்னவன் முதல் தரம் போத்தலைப் பார்த்துவிட்டு "ஆர் குடிச்சது?" என்று கேட்டான். உடனே விளக்க ஓடாதீர்கள், அடுத்த முறை அவனே பட்டியைக் கீழே இறக்கி மாட்டுவான்.

படி 5: றொட்டிக் கணக்கு

இரண்டு கப் கோதுமை மா, ஒரு கப் தேங்காய்ப்பூ (உறைந்த பாக்கெட் என்றால் முதலே வெளியே எடுத்து வையுங்கள்), உப்பு, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. மா அளப்பது சின்னவன், எட்டு உருண்டையாகப் பிரிப்பது மூத்தவள், சூடான கல் என்னுடையது. வெந்த றொட்டியை அரை, கால் என்று வெட்டிப் பங்கு வைக்கும்போது பின்னம் தானாக வந்துவிடும், யாருக்குக் குறைந்தது என்ற வழக்கும் வரும்.

படி 6: இருட்டியதும் புத்தகம்

ரொறன்ரோ பொது நூலகத்துக்கு 100 கிளைகள், சிலவற்றில் தமிழ்ப் பிள்ளைகள் புத்தகமும் உண்டு, 2022 முதல் பிந்திக் கொடுத்தாலும் தண்டப்பணம் இல்லை. ஆகவே பை நிறைய அள்ளுங்கள். தமிழ்ப் புத்தகத்தை வாசிக்க எங்கள் வீட்டில் அம்மம்மாதான்.

படி 7: எதுவும் நடக்காத நாள்

காய்ச்சல், சண்டை, உங்களுக்கே எழும்ப மனமில்லை. அன்று புத்தகம் மட்டும். மறுநாள் ஈடுசெய்ய வேண்டாம்.

படி 8: மார்ச்சில் ஒரு பயணம்

மார்ச் 20 அளவில் நிழல் கோபுரத்தின் உயரத்துக்கே வந்துவிடும், அத்தோடு தாளைக் கழற்றலாம். அந்த நாட்களில் இரவு உறைந்தும் பகல் இளகியும் இருப்பதால் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும், ஒரு லீற்றர் மேப்பிள் பாணிக்கு (சிரப்) கிட்டத்தட்ட 40 லீற்றர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். நகரத்துக்கு வெளியே காய்ச்சும் தோட்டங்களில் ஒன்றுக்கு அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் அம்மம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துவிட்டு, ஊரில் பனையில் இறக்கிய கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி எடுத்த கதையைத் தொடங்கினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பிள்ளைகள், பனை எத்தனை லெகோ உயரம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.