வெளிநாட்டுச் சம்பளத்தை வீட்டில் தங்கவைப்பது எப்படி

குவைத்தில் ஆறு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுக் இலங்கையின் மட்டக்களப்பில் உள்ள களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பியபோது, எனக்கென்று மிஞ்சியவை கூரை போடாத இரண்டு வீடுகளும் மூன்று அடகுச் சீட்டுகளும்தான். இப்போது புறப்படும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வதெல்லாம், அங்கே என்னோடு சமையலறையில் நின்ற பிலிப்பைன்ஸ்காரியிடம் பிந்திப் படித்தவை.

அவள் மிந்தனாவோத் தீவைச் சேர்ந்தவள். அவளும் கடனோடுதான் வந்தாள். அவர்கள் ஊரில் 'ஐந்து-ஆறு' என்றொரு வட்டி உண்டு; ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். கிழமைக் கடன் கட்டிய நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுப் பணிப்பெண்ணுக்கு மாதம் 400 டொலருக்குக் குறையக் கூடாது, அவளிடம் முகவர் கட்டணம் வாங்கக் கூடாது என்று அவர்களின் அரசு 2006இலேயே விதித்துவிட்டது. இருந்தும் தம்பியின் படிப்பு, புயல் தூக்கிய கூரை, தாயின் மருந்து என்று கடன் வந்து சேர்ந்தது.

விமானம் ஏறுமுன் இரண்டு வங்கிக் கணக்குகள் திறவுங்கள். ஒன்று வீட்டாருக்கு, மற்றது உங்கள் பெயரில் மட்டும். இரண்டாவதன் அட்டை உங்களோடே வரட்டும். நான் ஒரே கணக்குக்கு அனுப்பினேன். அட்டை அண்ணனிடம் இருந்தது. அண்ணன் கெட்டவர் அல்லர். கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்.

சம்பளம் வந்ததும் முதலில் உங்கள் கணக்குக்குப் போடுங்கள், மிச்சத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். அவள் தன் நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிதிக்கும், பக்-இபிக் என்ற வீட்டுச் சேமிப்பு நிதிக்கும் கட்டிய பிறகே தாய்க்கு அனுப்புவாள். தாய் அழுதாலும் அந்த வரிசை மாறாது. நான் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன்.

கடனில் வட்டி கூடியதை முதலில் முடியுங்கள். வங்கியில் வைத்த நகை கொஞ்சம் பொறுக்கும், கிழமைக்கு வாசலில் வந்து நிற்பவர் பொறுக்கமாட்டார்.

இனி வீடு. மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு மகள்களுக்கும் ஒரே நேரத்தில் அத்திவாரம் போட்டேனே, அதுதான் பிழை. இரண்டிலும் மழை விழுந்தது. வாங்கி அடுக்கிய சீமெந்துப் பைகள் கல்லாய் இறுகிப்போயின. ஓர் அறையை ஓடு போட்டு, கதவு பூட்டி முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கற்களும் மணலும் வாங்கிய பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சந்தேகம் என்று கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

வங்கி இல்லாமல் ஆள் வழியாகப் பணம் அனுப்பும் உண்டியலில் விலை கூடக் கிடைக்கலாம். ஆனால் பணம் வராவிட்டால் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டு இருக்காது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமலும் போகாதீர்கள், காப்புறுதி அந்தப் பதிவோடுதான் வரும்.

சம்பளம் கூடினால் வீட்டாரிடம் உடனே சொல்லாதீர்கள், மூன்று மாதம் கழித்துச் சொல்லுங்கள். அவள் எனக்குச் சொல்லித்தந்த ஒரே பொய் அதுதான்.