பழைய ஜிப்ஸிக்குப் பெரிய டயர் போடுமுன்

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து எஸ்டேட் வழிகளில் ஓட்டப் பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்புக்குப் பெரிய டயர் தேடுகிறீர்களா? முதலில் கணக்கைப் போடுங்கள். கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயரின் உயரம் சுமார் 668 மி.மீ. 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடுதல். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். மலை ஏற்றத்தில் இழுவை குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். லிஃப்ட் செய்யாத (சஸ்பென்ஷனை உயர்த்தாத) வண்டிக்கு 215/75 ஆர்15 போதும் என்பேன். மழைச்சேற்றில் அகலத்தைவிட பட்டன் (டயர் மேல்கட்டை) ஆழம்தான் கைகொடுக்கும்.

அப்புறம் வீல். ஜிப்ஸிக்கு 5 போல்ட், பி.சி.டி., அதாவது போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம், 139.7 மி.மீ. அது பொருந்தினால் மட்டும் போதாது. நடு ஓட்டையும் ஆஃப்செட்டும் (வீல் உள்ளே, வெளியே தள்ளி நிற்கும் அளவு) சரியாக இருக்க வேண்டும். செகண்ட்ஹேண்ட் இரும்பு வீல் என்றால், அதுவும் குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் ஓடிய வண்டியுடையது என்றால், டயர் விளிம்பு உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். துரு பொரிந்திருந்தால் காற்று நிற்காது, வாங்காதீர்கள்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத் தயாரிப்பு.

பணம் கொடுக்குமுன் ஒரு டயரை முன்பக்கம் மாட்டி, அந்தச் சக்கரத்தைக் கல்மேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். உரசல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்குங்கள்.